முதல் நட்சத்திரமும் ஒரு டின் மாவும்

அந்த டின்னில் இருந்தது அரிசி மாவுதான். அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் அது சாப்பாடு இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து நம்பக்கூடிய ஓர் ஆள் கிடைக்காவிட்டால் என் அப்பா வீட்டுக்கு வர முடியாது என்ற நிலைமை ஒரு திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு வந்தது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்குப் போகும் சாலையில், மலை வளைவுகளைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. அவசரகாலம் தொடங்கிய பிறகு, காட்டோரமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த லயங்களைப் பிரித்து, எல்லாரையும் தோட்ட ஆபீசுக்குக் கீழே ஒரே இடத்தில் குடிவைத்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் வழியாக ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்பது வெள்ளைக்கார அரசாங்கத்தின் எண்ணம். பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். பால்வாளி, சைக்கிள் குழாய், தலைத்துண்டு, கொண்டை என எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சோறு கொண்டுபோக முடியாது. சீனி போடாத தேத்தண்ணி மட்டும் போத்தலில் போகலாம்.

வேலி நெடுக விளக்குகளும் இருந்தன. பொழுது சாயும்போது இயந்திரம் உறுமத் தொடங்கும். விளக்குகள் எரியும். வானம் போய்விடும். முன்பெல்லாம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்தவர்கள் எங்கள் சனங்கள். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்க்காவிட்டாலும் அது அங்கே இருந்தது. வேலி வந்த பிறகு விடிந்தால்தான் கேட் திறக்கும். ஒரு தோட்டமே நட்சத்திரம் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சொல்ல வேறு குறைகள் இருந்தன.

நான் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். வாரநாட்களில் ரயில்வே குடியிருப்பில் அத்தை வீட்டில் தங்குவேன். அப்பாவுக்கு அவர் ஒன்றுவிட்ட அக்காள். வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து வருவேன், திங்கள் காலை திரும்புவேன். எங்கள் குடும்பத்தில் பெருவிரல் மையைத் தொடாமல் பேர் எழுதிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. தோட்டத்துச் சாலையில் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக நடந்து வரும்போது, பால் நிறுக்கும் கொட்டகையில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நிமிர்ந்து நடந்தேன்.

அந்த ஆண்டு பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். மற்றப் பெண்கள் தவளை, பூவின் பாகங்கள், மின்சார மணி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நட்சத்திரத்தை எடுத்தேன். நூலகத்தில் யாரும் தொடாத ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவில் இருப்பது வெறும் வெளி இல்லையாம். மிக மெல்லிய வாயுவும் தூசியும் அங்கே மேகம் மேகமாகப் பரந்து கிடக்கின்றன. குளிர்ந்த மேகம் தன் எடையாலேயே தனக்குள் சரிந்து, இறுகி, சூடேறி நட்சத்திரமாகிறது. இதுவரை எனக்குப் பெரிய வியப்பில்லை. திரவமாக இருந்த ஒன்று திரண்டு கட்டியாவதை ஒவ்வொரு நாளும் பால் ஸ்டோரில் பார்த்து வளர்ந்தவள் நான்.

அடுத்த பக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதலில் பிறந்த நட்சத்திரம் சும்மா இருப்பதில்லை. அது பெரியதாகவும் கடும் சூடாகவும் இருந்தால், தன்னைச் சுற்றியிருக்கும் வாயுவையும் சுட்டுவிடுகிறது. சூடான வாயு திரளாது, விரிந்து விலகி ஓடும். ஆகவே அந்த நட்சத்திரத்துக்கு அருகில் வேறொன்று பிறக்க வழியில்லை. ஆனால் ஓடுகிற வாயு சும்மா போவதில்லை. தொலைவில் குளிர்ந்து கிடக்கும் வாயுவின் மேல் மோதி, மதில்போலக் குவிகிறது. அந்த மதிலுக்குள் புதிய நட்சத்திரங்கள் பிறக்கலாம். பிறகு முதல் நட்சத்திரத்துக்கு வயதாகும். தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே உதிர்க்கும், சில வெடித்தும் போகும். அது தனக்குள் சமைத்து வைத்திருந்ததெல்லாம் வாயுவில் கலந்து, அடுத்துப் பிறப்பவற்றின் உடம்பில் சேரும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள் என்று புத்தகம் சொன்னது.

அதே புத்தகத்தில் வேறொரு செய்தியும் இருந்தது. உருண்டையான சில நட்சத்திர மண்டலங்களில் சிவந்த, வயதான நட்சத்திரங்கள் மட்டுமே இருக்கின்றன. வாயு கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை. வயதானவை அங்கேயும் வாயுவை உதிர்க்கத்தானே செய்யும்? அது எங்கே போகிறது? பழையவற்றின் சூடே அதைத் திரளவிடாமல் செய்கிறதா? தெரியவில்லை என்று எழுதியிருந்தது. ஆங்கிலப் புத்தகத்துக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி வந்தது. அதே நேரம் மனம் கலங்கவும் செய்தது.

இதை மேசைமேல் செய்துகாட்ட ஒரு வழி கண்டுபிடித்தேன். பிஸ்கட் டின் மூடி ஒன்றுக்குக் கறுப்பு அடித்து, நடுவில் சிறு துளை போட்டேன். துளைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. அதுதான் முதல் நட்சத்திரம். மூடி முழுவதும் மெல்லிய மாவைத் தூவினால் அது வாயு. அடியிலிருந்து பப்பாளி இலைக் காம்பால் துளை வழியாக ஊதினால், கோலிக்குண்டைச் சுற்றி மாவு விலகிக் கறுப்பாகும். விலகிய மாவு வளையமாகக் குவியும். குவிந்த இடத்தில் சின்ன மணிகளை அழுத்தி வைக்கலாம். அளவுக்கு மீறி ஊதினால் எல்லாமே மூடியைவிட்டுப் பறந்துவிடும், எதுவும் பிறக்காது. வயதான நட்சத்திரம் உதிர்ப்பதைக் காட்ட, கொஞ்சம் மாவில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தேன். வெள்ளையோடு நீலம் கலப்பதைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

முதலில் பள்ளிச் சுண்ணாம்புத் தூளைத்தான் முயன்றேன். அது ஈரம் பிடித்துக் கட்டிகட்டியாக விழுந்தது. அம்மாவின் கோலமாவுதான் பறந்தது. பங்கீட்டு அரிசியில் குருணையைப் புடைத்தெடுத்து, இடித்து, சேலைத் துணியில் சலித்துச் சலித்து அம்மா அதைச் செய்வார். எங்கள் வீட்டில் கோலமாவை யாரும் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அது அடுப்படியில் இருக்காது. கதவுக்குப் பின்னால், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். விளக்குமாறு எப்படித் தின்பண்டம் இல்லையோ அப்படித்தான் அதுவும். இந்த நினைப்பு எங்களுக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், அதை வேலிக்கு வெளியே கொண்டுபோகலாமா என்று அப்பாவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு பால்மாவு டின்னில் கீழே நீலத்தைப் பொட்டலமாக வைத்து, மேலே வெள்ளை மாவை நிரப்பினேன். புத்தகப் பையில் வைத்தால் மாவு சிந்தும் என்று அப்பாவின் சைக்கிளில், பின்னால் கட்டினோம். கறுப்பு மூடியும் கோலிக்குண்டும் காம்பும் என் பையில் இருந்தன. திங்கட்கிழமைகளில் அப்பா என்னைப் பெரிய சாலைவரை சைக்கிளில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டுத்தான் வெட்டுக்குப் போவார்.

கேட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நான் பெண்கள் வரிசையில் நின்றேன். அப்பா முன்னால் போய்விட்டார். சோதனை போட்ட மலாய்ப் பையன் பக்கத்துக் கம்பத்துக்காரன், அதாவது மலாய்க் கிராமத்தான். எங்களையெல்லாம் முகம் தெரியும். டின்னைத் திறந்து, விரலால் தொட்டு, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். மாவா என்று கேட்டான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் பேர் இதில் வந்தால் என் படிப்பு நின்றுவிடும் என்று அந்த ஒரு நொடியில் அவர் கணக்குப் போட்டுவிட்டார். பையனிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், “சாமி பூஞா” என்றார். சாமியுடையது என்று அர்த்தம்.

அப்பா பால் வெட்டும் மர நிரையின் கடைசியில், காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டி கல் ஒன்று இருந்தது. வேலி வருவதற்கு முன் அது லயத்துக்குப் பக்கத்துச் சாமி. சனங்களை நகர்த்தியவர்கள் அதை நகர்த்தவில்லை. வெட்டுக்குப் போகிறவர்கள் சூடமும் வெற்றிலையும் கொண்டுபோவதைக் கேட்டில் இருந்த பையன்கள் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடுவார்கள். சாமி என்ற சொல்லுக்கு அங்கே கொஞ்சம் மதிப்பு இருந்தது. அதை நம்பித்தான் அப்பா சொன்னார். ஆனால் அன்று கேட்டில் அந்தப் பையன் மட்டும் இல்லை. ஜீப்பில் வந்த சார்ஜண்ட் ஒருவரும் நின்றிருந்தார். காட்டோரத்தில் ஒரு கல், அதற்கு ஒரு டின் அரிசி மாவு. அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். சைக்கிள் கேட்டருகே சாய்ந்து கிடந்தது.

நான் வரிசையைவிட்டு ஓடிப்போய், அது என்னுடையது, பள்ளிக்கூடத்துக்கு என்று மலாயில் சொன்னேன். சார்ஜண்ட் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா மட்டும் ஜீப்பிலிருந்து, “நீ பஸ்ஸுக்குப் போ பாப்பா, லேட்டாயிடும்” என்றார்.

நான் பஸ்ஸுக்குப் போகவில்லை.

சாப்பாடு கடத்தியதாக ஆகிவிட்டால் விசாரணை இல்லாமலேயே உள்ளே வைக்கலாம், இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடவும் செய்யலாம் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை அப்படி ஏற்றியிருந்தார்கள். அவர் பிறந்தது சிரம்பானில். போய்ச் சேர்ந்த ஊரில் அவருக்கு ஒரு சனமும் இல்லை. அம்மா கேட்டருகிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஆபீசுக்குப் போனேன். தோட்டத்துத் துரை, தன் ஆபீஸ் கணக்கரான கிராணியை ஸ்டேஷனுக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். எங்கள் ஆட்களுக்கும் போலீசுக்கும் நடுவில் அவர்தான் மொழிபெயர்ப்பு. லாரியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பையிலிருந்த கறுப்பு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ சின்னப் பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்,” என்றார். “சாமிக்கு எண்டே இருக்கட்டும். சாமி எண்டால் வெள்ளைக்காரனுக்கு விளங்கும். நட்சத்திரம் எண்டு போய் நிண்டால், தகப்பன் ஒரு பொய், மகள் ஒரு பொய் எண்டு எழுதிப்போடுவான்.”

“சாமி இருக்கற எடம் வேலிக்கு வெளியில, காட்டோரத்துல. அது ஐயாவுக்குத் தெரியாதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

போலீஸ் அதிகாரி வெள்ளைக்காரர், வயது அதிகமில்லை. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. மேசைமேல் எங்கள் டின் இருந்தது. சுவரோரம் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது. கிராணி வாயைத் திறப்பதற்கு முன் நான் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். அது என்னுடைய மாவு, நான் இன்ன பள்ளியில் இன்ன வகுப்பு, முன்பே பிறந்த நட்சத்திரங்கள் அடுத்த நட்சத்திரங்களின் பிறப்பை எப்படி மாற்றுகின்றன என்று செய்துகாட்டுவதற்காகக் கொண்டுபோகிறேன் என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செய்துகாட்டு என்றார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். ஓர் ஆங்கிலேய அதிகாரியை அவருடைய அறையிலேயே விசிறியை நிறுத்தச் சொன்ன முதல் தோட்டத்துப் பெண் நானாகத்தான் இருப்பேன். அவரே எழுந்து நிறுத்தினார். நான் மூடியை இரண்டு மைப்புட்டிகளின் மேல் தூக்கி வைத்து, மாவைத் தூவி, குனிந்து காம்பால் ஊதினேன்.  கோலிக்குண்டைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விரிந்தது. ஓரத்தில் வெள்ளை வளையம் எழுந்தது. இங்கே அருகில் எதுவும் பிறக்காது, சூடு விடாது, அதோ அங்கே தள்ளிப் பிறக்கலாம் என்று விரலால் காட்டினேன். பிறகு டின்னின் அடியிலிருந்து நீலப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். வயதான நட்சத்திரம் திருப்பிக் கொடுப்பது இது என்று சொல்லித் தூவினேன்.

அதிகாரி நீலத்தை முகர்ந்து பார்த்தார். இதைத் தின்ன முடியாது என்றார். முடியாது என்றேன். சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார். அது பறக்காது என்றேன். அரிசிக்குப் பங்கீடு இருக்கும்போது உன் அம்மா அரிசியை இடித்துத் தரையிலா தூவுகிறாள் என்று கேட்டார். ஆமாம், எறும்பு தின்னும் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். என்னை நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மார்பு விம்மியது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் விசிறி நின்றதையும் அதிகாரி குனிந்து பார்த்ததையும் அவர் பார்த்திருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்படி ஒரு பெருமிதத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அதில் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு மறையும் முன்பே அதிகாரி அடுத்ததைக் கேட்டார். மாவு பள்ளிக்கூடத்துக்கு என்றால், உன் தகப்பன் ஏன் சாமிக்கு என்றான்? அந்தச் சாமி எங்கே இருக்கிறது? அங்கே சாப்பாடு வைப்பது உண்டா?

கிராணி முன்னால் வந்தார். அதிகாரி அவரைக் கையால் நிறுத்திவிட்டு, நீ கேள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் அப்பாவிடம் போய், கேட்டதைத் தமிழில் கேட்டேன். அதற்கு என்ன பதில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. உண்டு என்றால் கல் போய்விடும். இல்லை என்றால் அவர் சொன்ன இரண்டாவது பொய்யாகும். தோட்டத்தில் யாரை விசாரித்தாலும் அது வெளியே வந்துவிடும், அவர் போய்விடுவார். அதையெல்லாம் அவருக்குச் சொல்ல நேரமில்லை. அதிகாரி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணிக்குத் தமிழ் தெரியும்.

அப்பா தயங்கவில்லை. ஏற்கெனவே சொன்ன பொய் அவருக்குப் போதுமானதாக இருந்தது. “வேலி போடறதுக்கு முன்னாடி படைப்போம், பாப்பா. பொங்க வெச்சு, கோழி அறுத்து. இப்ப ஏது? வெத்தலதான். எப்பவாச்சும் யாராச்சும் மடியில ஒரு பிடி அவல் கொண்டாந்து வெப்பாங்க. சாமிக்கு வெச்சத திரும்பப் போய் யாரு பாத்தா?”

சொன்னது சொன்னபடி ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு பிடி அவலையும் சொன்னேன். அதிகாரி எழுந்து போய் சுவரிலிருந்த வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

திரும்பும்போது லாரியில் கிராணி என்னை ‘நீர்’ என்று அழைத்தார். “நீர் நல்லாத்தான் கதைச்சீர்,” என்றார்.  

அப்பாவை உடனே விடவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் பள்ளிக்குப் போகவில்லை. கேட்டருகே உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சனங்கள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்னும் ஆவாது, பொண்ணு இங்கிலீஷ்ல பேசி அதிகாரியவே எழுப்பி ஃபேன நிறுத்த வெச்சிருக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிராணிதான் அதைப் பரப்பியிருக்க வேண்டும். அந்த நாட்களில் எல்லாருக்கும் நான் சொந்தப் பெண்ணாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் வெட்டு முடிந்து எல்லாரும் பால் நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் தோட்டத்து லாரி கேட்டுக்குள் வந்தது. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் முனியாண்டி கல் கிடந்தது. வேட்டியால் சுற்றியிருந்தது. லாரி குலுங்கும்போது கல் உருண்டுவிடாமல் அப்பா இரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை மண்.

இடத்தைக் காட்டுவதற்காக அவரைக் காட்டோரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போலீஸ்காரன் ஒருவன் கடப்பாரையால் நெம்பப் போக, அப்பா தடுத்து, தானே கையால் தோண்டி எடுத்திருக்கிறார். இனி யாரும் சாமி கும்பிட வேலிக்கு வெளியே போக வேண்டியதில்லை, கல்லை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. அப்பாவை விட்டுவிட்டார்கள். விட்டதும் கல்லைக் கொண்டுவந்ததும் ஒரே லாரியில், ஒரே நேரத்தில் நடந்தது. பார்த்தவர்கள் எதை எதோடு சேர்ப்பார்கள்?

கல்லைத் தண்ணிக் குழாய்க்குப் பக்கத்தில், வேலி விளக்கின் கீழே இறக்கினார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எதிர் லயத்து அம்மாள் ஒருவர், அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “பொண்ணு இங்கிலீஷ் படிச்சா சாமியே அரெஸ்ட்டாயி வேலிக்குள்ள வந்துடுது லா.”

சிலர் சிரித்தார்கள். அம்மா எழுந்தார். “வந்த சாமிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தறியா, வாய் பாத்துக்கிட்டு நிக்கிறியா?” என்றார். அந்த அம்மாள் ஊற்றவில்லை. அம்மாவே குழாயில் பிடித்து ஊற்றினார்.

டின்னையும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளையும் நீலமுமாக எல்லாம் கலந்துபோயிருந்தது, பிரிக்க முடியாது. அம்மா அதைக் கொண்டுவந்து, ஈர மண் காய்வதற்காகக் காத்திருந்து, கல்லுக்கு முன்னால் கோலம் போட்டார். சாம்பல் நீலத்தில் ஒரு கோலம். அப்படி ஒரு நிறத்தை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை. மறுநாள் காலை குழாய்க்கு வந்தவர்களின் காலடி அதன்மேல் இருந்தது. வேண்டுமென்று மிதித்தார்களா, வாளியோடு நின்றதில் கால் பட்டதா என்று சொல்ல முடியாது. வேண்டுமென்று என்றுதான் நான் அன்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் அப்பா படியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.  ஸ்டேஷனில் அடித்தார்களா என்று அம்மா கேட்டபோது கத்தியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைத் தீட்டினார். இயந்திரம் உறும ஆரம்பித்தது. விளக்குகள் எரிந்தன. அவர் தலை தூக்காமல் கேட்டார்.

“அன்னைக்கு அந்த மூடியில ஊதினியே. அது என்னா பாப்பா?”

நான் சொன்னேன். கோலிக்குண்டு முதலில் பிறந்தது, மாவு வாயு, ஊதுவது அதன் சூடு. ஆங்கிலத்தில் தடையில்லாமல் வந்தது தமிழில் தட்டுத்தடுமாறி வந்தது. அவர் கத்தியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப மொதல்ல பொறந்தது மத்ததுக்கு நல்லதா, கெட்டதா?”

“ரெண்டும்தாம்பா. கிட்ட இருந்தா திரள விடாது. தள்ளி இருந்தா, அது தள்ளற தள்ளுலயே இன்னொன்னு பொறக்கும்.”

“வயசானப்புறம்?”

“தங்கிட்ட இருக்கறத குடுத்துடும். ஆனா சில எடத்துல எல்லாமே வயசானதா இருக்கு. குடுத்தும் புதுசா ஒன்னும் பொறக்கல. ஏன்னு யாருக்கும் தெரியல.”

அவர் கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் குழாயடி தெரிந்தது. கல்லின் மேல் யாரோ ஒரு சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள்.

“நீ சிரம்பான்லயே இரு,” என்றார். “வாராவாரம் வர வேணாம். லீவு விட்டா வா. அத்தகிட்ட நான் சொல்றேன்.”

என்னைக் காப்பாற்றத் தள்ளி வைக்கிறாரா, என்னிடமிருந்து வீட்டைக் காப்பாற்றத் தள்ளி வைக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. நான் வானத்தைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம்தான் இருந்தது.

கண்காட்சியில் வகுப்புத் தோழி ஒருத்தி கொடுத்த முகப்பவுடரை வைத்துச் செய்துகாட்டினேன். நன்றாகவே பறந்தது. வாசனையாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். வாயு எங்கே போகிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது கண்காட்சி இல்லை, அதற்கு முந்தின திங்கட்கிழமைதான். அப்பா பழையபடி என்னைப் பஸ் ஏற்றக் கூட்டிக்கொண்டு வந்தார். சைக்கிளின் பின்னால் ஒன்றும் கட்டவில்லை. கேட்டில் அதே மலாய்ப் பையன் இருந்தான். அவனுக்கும் சங்கடம்தான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வேகவேகமாகத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். நான் பெண்கள் வரிசையிலிருந்து வெளியே வந்து சாலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் தோளுக்கு மேலே தூக்கியபடியே இருந்தன. மடித்திருந்த சட்டைக்கையை அவிழ்த்துவிட்டு, உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்தார்.

“முடிஞ்சிடுச்சுப்பா,” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பையன் மறுபடி வந்து, போகலாம் என்று தலையசைக்கும்வரை கையை இறக்கவில்லை.